லேப்டாப் ‘டிஸ்க்கைச் சோதிக்கணும்’ என்றால் என்ன செய்வது?



கூட்டமைப்பு லேப்டாப்பைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்து ஓடுது, வைரஸ் வந்துடுச்சா என்று கணக்காளர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் வைரஸ் இல்லை. பதிவு செய்யும்போதே கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து பட்டென்று அணைந்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கு என்ற குறிப்பு அரைகுறையாக நின்றுவிடும். தீர்மான நோட்டைப் பாதியில் விட்டு எழுந்து போன மாதிரிதான். அடுத்த முறை போடும்போது விண்டோஸ் அதைச் சரிசெய்யப் பார்க்கிறது.

சார்ஜரைச் செருகிவிட்டு ஓடவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சதவீதம் ஒரே எண்ணில் நின்றாலும் நடுவில் அணைக்காதீர்கள்.

தினமும் இதே எச்சரிக்கை வந்தால் விஷயம் வேறு. டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருக்கலாம். ‘டக் டக்’ சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். அப்போது மட்டும் சில விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திச் சோதனையைத் தாண்டி, முதல் வேலையாகச் சேமிப்பு, கடன் கணக்குகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். பழுதான டிஸ்க்குக்கு முழுச் சோதனையே பெரிய பாரம். நகல் எடுத்த பிறகு மெக்கானிக்கிடம் காட்டலாம்.

ஒரு கூட்டமைப்பில் நகலும் எடுக்காமல் ஒரு மாதம் பட்டனை அழுத்தியே ஓட்டினார்கள். ஒருநாள் லேப்டாப் திறக்கவேயில்லை. கையால் எழுதிய பேரேடு இருந்ததால் தப்பித்தோம். அதை மறுபடி ஏற்ற மூன்று நாள் ஆச்சு.

இன்னொன்று: கோப்புக்குள் இருக்கும் தொகை சரியா என்று இந்தச் சோதனை பார்ப்பதில்லை. அது முடிந்ததும் கடைசியாகப் பதிந்த வரவு செலவைப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள்.