மர வாத்து விலை நாலரைக் கோடி ரூபாய்!

அது ஒரு மர வாத்து. பறக்காது. முட்டை இடாது. கறிக்கும் உதவாது. ஆனாலும் அதை 11 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கொடுத்து ஒருவர் வாங்கிக் கொண்டு போனார்!

இது நடந்தது அமெரிக்காவில், 2007-ம் ஆண்டில். அப்போதைய கணக்குப்படி நம் பணத்தில் சுமார் நாலரைக் கோடி ரூபாய். அந்த வாத்தோடு மரத்தால் செய்த பெரிய காட்டு வாத்து ஒன்றும் அதே விலைக்குக் கைமாறியது. இரண்டையும் செதுக்கிய கை ஒன்றே. எல்மர் க்ரோவெல் என்பது அவர் பெயர். மாசசூசெட்ஸ் ராஜ்யத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் வாழ்ந்தவர்.

இந்த வாத்துகளை அவர் அலமாரியில் வைத்து அழகு பார்க்கச் செய்யவில்லை. வேட்டைக்காகச் செய்தார்.

பறவையைக் காட்டிப் பறவையைப் பிடிப்பது

பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடிப்பதும், கூண்டுக் கவுதாரியைக் கூவ விட்டு மற்றக் கவுதாரிகளை வரவழைப்பதும் நம் நாட்டு வேடர்கள் அறிந்த தந்திரம். இப்படிக் காட்டும் மிருகத்துக்கும் பறவைக்கும் 'பார்வை' என்றே தமிழில் பெயர் உண்டு. மர வாத்தும் ஒரு பார்வைதான். உயிர் மட்டும் இல்லை.

வானத்தில் கூட்டமாகப் போகும் வாத்துகள் கீழே பார்க்கும். தண்ணீரில் தம் இனம் மிதப்பதைக் கண்டால், "இங்கே இரை இருக்கிறது, ஆபத்து இல்லை" என்று நம்பி இறங்கும். கரையில் மறைந்திருப்பவன் துப்பாக்கியை எடுப்பான்.

எல்லா மர வாத்தும் தலையை நிமிர்த்திக் கொண்டிருந்தால் வந்த காரியம் கெட்டு விடும். நிஜ வாத்து தலை நிமிர்த்தினால் அபாயம் என்று பொருள். ஆகவே ஒன்று தூங்குவது போலவும், ஒன்று இறகு கோதுவது போலவும் செதுக்கினார்கள். நாலரைக் கோடி பெற்ற வாத்து, கழுத்தைத் திருப்பி இறகு கோதிக் கொண்டிருக்கும் ஊசிவால் வாத்து.

தந்திரம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது அல்ல. நெவாடா ராஜ்யத்தில் லவ்லாக் குகை என்று ஒரு குகை இருக்கிறது. 1924-ல் அங்கே தோண்டியபோது 11 போலி வாத்துகள் கிடைத்தன. கோரையை வளைத்துக் கட்டி, வர்ணம் தீட்டி, நிஜ இறகு செருகியவை. வயது சுமார் 2,000 ஆண்டு! அந்த மண்ணின் பூர்வ குடிகள் செய்தவை அவை.

தண்ணீருக்குள் சவப்பெட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாத்து வேட்டை பெரிய வியாபாரம் ஆயிற்று. பால்டிமோர், நியூயார்க் ஹோட்டல்களில் 'கேன்வாஸ்பேக்' என்ற வாத்தின் கறிக்கு ஏகக் கிராக்கி. ரயில் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

மேரிலாந்து ராஜ்யத்தில் சஸ்குவஹானா நதி கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு முறை இருந்தது. சவப்பெட்டி போன்ற மரப்பெட்டியைத் தண்ணீர் மட்டத்துக்கு அமிழ்த்தி, அதற்குள் வேட்டைக்காரன் மல்லாந்து படுத்துக் கொள்வான். பெட்டி அமிழ்வதற்காக, அதன் ஓரப் பலகைகளில் இரும்பில் வார்த்த வாத்துகளை வைப்பார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மர வாத்துகள் மிதக்கும். மேலே வரும் பறவைக்கு ஆளே தெரியாது.

இப்படிச் சுட்டால் எத்தனை பறவை மிஞ்சும்? கூட்டங்கள் தேய்ந்தன. 1918-ல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. காட்டு வாத்தைச் சுட்டு விற்பது குற்றம் ஆயிற்று. 1935-ல் அந்தச் சவப்பெட்டி முறையும் தடுக்கப்பட்டது. உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து மற்றதை இழுப்பதும் அதே ஆண்டில் நின்றது.

பொழுதுபோக்கு வேட்டை தொடர்ந்தது. ஆனால், சந்தைக்குச் சுட்டவர்களின் பிழைப்பு போயிற்று. க்ரோவெலும் அப்படிச் சுட்டு விற்றவர்தான். அவர் துப்பாக்கியை வைத்து விட்டு உளியைப் பிடித்தார். எல்லாருக்கும் அந்தக் கை வரவில்லை. கொட்டகைகளில் குவிந்து கிடந்த பழைய மர வாத்துகள் பல, குளிருக்கு அடுப்பெரிக்கப் போயின!

பார்பரும் பார்பர்களும்

அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜோயல் பார்பர். பெயர்தான் பார்பர்; தொழில், கட்டடங்களுக்குப் படம் வரைவது. ஊர் ஊராய்ப் போய் மர வாத்துகளைச் சேகரித்து, 1934-ல் அவற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய சேகரிப்பு வெர்மான்ட் ராஜ்யத்தில் உள்ள ஷெல்பர்ன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நிஜமாகவே பார்பர் தொழில் செய்த இருவரும் இந்தக் கதையில் உண்டு. மேரிலாந்தில் கிறிஸ்பீல்டு என்ற ஊர்க்காரர்களான ஸ்டீவ் வார்டு, லெம் வார்டு சகோதரர்கள். முடி வெட்ட ஆள் வராத நேரத்தில் மர வாத்து செதுக்கினார்கள். அண்ணன் செதுக்குவதில் கெட்டி. தம்பி வர்ணம் தீட்டுவதில் சூரர். "மரத்தில் கள்ளப் பறவை செய்பவர்கள்" என்று தங்களைத் தாங்களே வேடிக்கையாகச் சொல்லிக் கொண்டார்கள்! ஸ்டீவ் 1976-லும், லெம் 1984-லும் காலமானார்கள்.

க்ரோவெல் 1952-லேயே கண்ணை மூடி விட்டார். தம் கை வேலை லட்சக்கணக்கில் டாலர் பெற்றதை அவர் பார்க்கவில்லை.

குண்டு பட்டாலும் மவுசு

இன்று வாங்குகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. போலி வாத்துக்கும் போலி உண்டே! கழுத்து ஒட்டுப் போட்டதா, அலகு பிற்காலத்தில் வைத்ததா என்று எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள். செய்தவர் பூசிய வர்ணம் அப்படியே இருந்தால் விலை ஏறும். "பழசாகி விட்டதே" என்று யாராவது புது வர்ணம் பூசியிருந்தால் போச்சு, விலை பாதாளத்துக்கு இறங்கி விடும்.

ஆனால், சில வாத்துகளின் முதுகில் சிறு சிறு துளைகள் இருக்கும். ஈய ரவை பாய்ந்த அடையாளம். அதைக் கண்டு பலர் முகம் சுளிப்பதில்லை. மர வாத்தை நம்பிப் பக்கத்தில் ஒரு நிஜ வாத்து இறங்கியிருக்கிறது. அதற்கு வைத்த குறியில் சிதறிய ரவைகள்தான் மரத்தில் தைத்திருக்கின்றன.