குழாய்களுக்கு ஒரு மாடி

உயிரியல் ஆய்வகத்தில் ஒரு மேசையை இடம் மாற்றுவது எளிதான காரியம் இல்லை. தண்ணீர், எரிவாயு, அழுத்தக் காற்று, வெற்றிடக் குழாய், மின்சாரம் எல்லாம் அந்த மேசையைத் தேடி வர வேண்டும். நச்சு ஆவியை உறிஞ்சி மொட்டைமாடிக்கு மேல் தள்ளும் குழாயும் கூடவே நகர வேண்டும். வீட்டில் ஒரு பிளக் பாயின்ட் கூட்டுவதற்கே சுவரைக் கொத்திச் சிமென்ட் தூசியில் அவதிப்படுகிறோம். ஆய்வகத்தில் அந்தத் தூசி செல் வளர்ப்புத் தட்டில் விழுந்தால் பல மாத உழைப்பு பாழ்.

அதற்காக நகர்த்தாமலும் இருக்க முடியாது. உயிரியல் அவ்வளவு வேகமாக மாறும் துறை. ஒரு காலத்தில் அறையை அடைத்துக்கொண்டிருந்த கருவி பிறகு மேசைமேல் அடங்கிவிடும். அன்று யாரும் கேள்விப்படாத வேறொன்று தனி அறையும் அதிராத தரையும் கேட்கும். ஆக, ஆய்வகக் கட்டடத்தை வரைபவர், இன்னும் கண்டுபிடிக்கப்படாத கருவிகளுக்காக வரைய வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு நான் அறிந்தவரை மிக அழகான விடை கலிபோர்னியாவின் லா ஹோயாவில், பசிபிக் கடலைப் பார்த்த மேட்டில் நிற்கிறது. போலியோ தடுப்பூசியைத் தந்த ஜோனஸ் சால்க் 1960இல் தொடங்கிய சால்க் ஆய்வு நிறுவனம் அது. நிலம் சான் டியேகோ நகரத்தின் கொடை. வரைந்தவர் லூயி கான். அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தைக் கட்டிய அதே கான்.

அதற்குச் சற்று முன் பிலடெல்பியாவில் ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தை அவர் வடிவமைத்திருந்தார். கட்டடக்கலை உலகம் அதைக் கொண்டாடியது. உள்ளே வேலை செய்தவர்கள் வெயில் கண்ணைக் கூசியதால் சன்னல்களை மறைத்து ஒட்டினார்கள். மறைப்பில்லாத கூரைக் குழாய்களில் தூசி படிந்தது. அறைகளிலோ இட நெருக்கடி.

லா ஹோயாவில் கான் குழாய்களுக்கென்று தனி மாடியே கொடுத்துவிட்டார். முற்றத்தின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு நீண்ட கட்டடங்கள்; ஒவ்வொன்றிலும் ஆறு தளங்கள். ஓர் ஆய்வகத் தளம், அதன் மேல் ஒரு குழாய்த் தளம் என்று மாறி மாறி வரும். குழாய்த் தளத்தின் உயரம் சுமார் 9 அடி. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் அங்கே நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம்; கீழே ஆய்வு தன்பாட்டுக்கு நடக்கும். ஆய்வகக் கூரையில் நீண்ட பிளவுகள் விட்டிருக்கிறார்கள். எந்த மேசைக்கு எது தேவையோ, அதை அவற்றின் வழியே மேலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

ஆய்வகத் தளம் ஒவ்வொன்றும் சுமார் 245 அடி நீளம், 65 அடி அகலம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இது எப்படி முடிந்தது என்பதில்தான் பொறியாளர் ஆகஸ்ட் கொமெண்டன்ட்டின் திறமை இருக்கிறது. 65 அடியைத் தூணில்லாமல் தாண்ட ஆழமான உத்தரம் வேண்டும். வழக்கமான சட்ட உத்தரங்களில் குறுக்கே சாய்ந்த கம்பிகள் இருக்கும். அவை இருந்தால் ஆளும் நடக்க முடியாது, பெரிய காற்றுக் குழாயும் போகாது. அவர் சாய்வுக் கம்பிகளே இல்லாத, சன்னல் சட்டம் போன்ற வீரண்டீல் வகைக் கான்கிரீட் உத்தரங்களைத் தேர்ந்தார். அந்த உத்தரத்தின் ஆழமே குழாய்த் தளத்தின் உயரம். கூரையைத் தாங்கும் பொருளுக்குள்ளேயே வேலை செய்ய இடம் கிடைத்துவிட்டது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் மனம் நின்றுவிடுகிறது.

மாறாமல் நிற்க வேண்டியவற்றை ஆய்வகத்துக்கு வெளியே தள்ளினார்கள். படிக்கட்டுகளும், விஞ்ஞானிகள் தனித்திருந்து சிந்திக்கும் தேக்குமரச் சிற்றறைகளும் முற்றத்தோரக் கோபுரங்களில் இருக்கின்றன. நிறுவனம் இயங்கத் தொடங்கிய காலத்தில் தெற்குக் கட்டடத்தின் உட்புறத்தை முடிக்காமல் வெறும் கூடாகவே விட்டிருந்தார்கள். பணமும் தேவையும் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா? உள்ளே வளர்வதற்கு அது நல்ல வழி.

வெளியே வளர்வது அத்தனை சுமுகமாக இல்லை. 1990களில் கிழக்குப் பக்கம் புதுக் கட்டடம் எழுப்ப, அங்கிருந்த யூகலிப்டஸ் தோப்பின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. மரங்களினூடே நடந்து வந்து சட்டென்று கடலைக் காணும் அனுபவம் போய்விட்டதென்று கட்டடக் கலைஞர்கள் பலர் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இடம் கேட்ட விஞ்ஞானிகளின் பக்கமும் உண்டு. முற்றமும் கடலும் இரு கட்டடங்களுமாக முழுமை பெற்றுவிட்ட காட்சியில் எதைச் சேர்த்தாலும் துருத்தும். வளரும் திசையை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவைப்பது உட்புறத்தைப் போலவே வளாகத்துக்கும் தேவை.

குழாய்த் தளம் என்ற யோசனை லா ஹோயாவோடு நிற்கவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பணியாற்றிய கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு 2013இல் புதுக் கட்டடம் திறக்கப்பட்டபோது, அங்கும் ஆய்வகங்களுக்கு மேல் ஆள் நடக்கும் சேவைத் தளங்கள் அமைந்தன. அதிர்கிற கனரக இயந்திரங்களைக் கட்டடத்துக்குள் வைக்காமல் தனிக் கோபுரங்களுக்கு மாற்றினார்கள். அணு அளவில் படம் பிடிக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் சிறு நடுக்கமும் ஆகாது.

ஆட்கள் உட்காராத மாடிகளுக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி இப்படிப்பட்ட திட்டங்களில் எழத்தான் செய்யும். கட்டும்போது செலவு கூடும் என்பது உண்மைதான். ஆய்வை நிறுத்திச் சுவரை இடிக்கிற ஒவ்வொரு முறையும் ஆகும் செலவையும், அதில் வீணாகும் ஆய்வு நாட்களையும் எதிர்த்தட்டில் வைத்துப் பார்த்தால், அந்தப் பணத்தை முதலிலேயே போட்டுவிடுவதுதான் சரி என்பேன்.