'ஃபிராங்கன்ஸ்டைன்' கற்றுத்தரும் ஆங்கிலம்

பணித் தேர்வுக்கோ பதவி உயர்வு நேர்காணலுக்கோ ஆயத்தம் செய்வோரின் மேசையில் ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்று தவறாமல் இருக்கும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். இரவெல்லாம் மனனம் செய்தவற்றுள் ஒரு வாரம் கழித்து எஞ்சுபவை சிலவே. பட்டியலில் உள்ள சொல்லுக்குச் சுற்றமும் இல்லை, சூழலும் இல்லை. அதனால் அது மனத்தில் வேர் கொள்வதில்லை. சொற்களைக் கதையின் வழியே கற்க விரும்புவோருக்கு இரண்டு நூற்றாண்டு கண்ட நாவல் ஒன்று நல்லாசிரியராக அமையும். அது மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

1816ஆம் ஆண்டு கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் மழை ஓயாத நாள்களில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் நண்பர்களிடம் கூறினார். அப்போது மேரிக்கு வயது 18. அன்று தொடங்கிய கதை 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரின்றி லண்டனில் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1831இல் வந்தது. அச்சமும் மர்மமும் இழையோடும் 'காதிக்' நாவல்களுள் இதற்குத் தனியிடம் உண்டு.

கொட்டிலில் ஒரு பள்ளி

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன், உயிரற்ற உடற்பகுதிகளைச் சேர்த்து ஓர் உருவம் அமைத்து உயிரூட்டுகிறான். அதன் தோற்றம் கண்டு அஞ்சிக் கைவிடுகிறான். பெயரும் மொழியும் இல்லாத அவ்வுயிர், ஒரு குடிலை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியே அங்கு வாழும் குடும்பத்தைக் கவனிக்கிறது.

முதலில் அது அறிந்த சொற்கள் தீ, பால், ரொட்டி, விறகு. அடுத்து, வீட்டினரின் பெயர்களும் உறவுமுறைகளும். நன்மை, அன்பு, துயர் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் காதில் விழுந்தும், பொருள் உடனே விளங்கவில்லை. பின்னர் அவ்வீட்டுக்கு வரும் சாஃபி என்னும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு ஃபெலிக்ஸ் மொழி கற்பிக்க, மறைந்திருந்த உயிரும் உடன் கற்கிறது. இரண்டே மாதங்களில் அவர்களுடைய பேச்சில் பெரும்பகுதி அதற்குப் புரியத் தொடங்குகிறது. பிறகு, காட்டில் கண்டெடுத்த பெட்டியிலிருந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' உள்ளிட்ட நூல்களைப் படிக்கிறது. கதைப்படி அது கற்றது பிரெஞ்சு மொழி. ஆயினும் பொருள், உறவு, உணர்வு, நூல் என்னும் அந்த வரிசை எம்மொழிக்கும் பொருந்தும்.

வேரைப் பற்றுக

நாவலில் அடிக்கடி வரும் சொல் 'பெனவலன்ட்'. பிறர் நலம் நாடும் என்பது பொருள். லத்தீனில் 'பெனே' என்றால் நன்றாக. பணம் அனுப்பும்போது வங்கிச் செயலியில் நாம் காணும் 'பெனிஃபிஷியரி'யும் அதே வேரில் கிளைத்ததே. விக்டர் தன் கதையைக் கூறும்போது, நடுவர் முதலில் 'இன்கிரெடுலஸ்', அதாவது நம்ப மறுப்பவராக இருக்கிறார். நம்புதல் என்னும் பொருளுடைய 'கிரெடெரே' என்ற லத்தீன் சொல்லே இதற்கும் வங்கியின் 'கிரெடிட்'டுக்கும் தாய். விக்டரை வாட்டும் 'ரிமோர்ஸ்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் மீண்டும் கடித்தல். செய்த பிழை மனத்தைத் திரும்பத் திரும்பக் கடிக்கும் வலியே அது. இவ்வாறு வேரறிந்த சொல் எளிதில் மறப்பதில்லை.

எப்படிப் படிக்கலாம்?

1831 பதிப்பில் நான்கு கடிதங்களும் 24 அதிகாரங்களுமாக 28 பகுதிகள் உள்ளன. இரு நாளுக்கு ஒன்று வீதம் 56 நாள்களில் முடித்துவிடலாம். 'புராஜெக்ட் கூட்டன்பர்க்' இணையதளத்தில் நாவல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள்; கதை போகும் போக்கில் செல்லுங்கள். மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் சொற்களை மட்டும் குறித்து, யார், யாரிடம், எந்த நிலையில் கூறினார் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அதன்பின் உங்கள் வாழ்க்கையைப் பற்றி அச்சொல்லால் ஒரு வாக்கியம் அமையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. முகம் என்ற பொருளில் 'கவுன்டனன்ஸ்' இந்நாவலில் பல இடங்களில் வருகிறது. இன்றைய அலுவலகக் கடிதத்தில் அது பொருந்தாது. இன்று அச்சொல், ஒன்றைப் பொறுத்துக்கொள்ளுதல் என்னும் வினைப்பொருளிலும் வழங்குகிறது. ஆகவே புரிந்துகொள்வதற்கு எல்லாச் சொற்களையும் கற்கலாம். எழுதுவதற்கு இக்காலத்துக்கு உரியவற்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

எதற்காகக் கற்கிறோம்?

அவ்வுயிர் மொழி கற்றதெல்லாம், மனிதர் தன்னை ஏற்பார்கள் என்ற ஆசையால்தான். வீட்டில் பார்வையற்ற முதியவர் தனித்திருக்கும் வேளையில் அவரிடம் சென்று பேசுகிறது. உருவத்தைக் காண இயலாத அவர் சொற்களை மட்டும் கேட்டு, கனிவுடன் மறுமொழி கூறுகிறார். திரும்பிவந்த மற்றவர்களோ தோற்றத்தைக் கண்டதும் அடித்து விரட்டுகின்றனர்.

நேர்காணல் அறையிலும் அலுவலக முகப்பிலும், ஆங்கிலம் வராத தயக்கத்தால் உரியதைக் கேளாமலே திரும்புவோர் நம்மிடையே உண்டு. சொல்வளம் அத்தயக்கத்தைப் போக்கும். அவ்வளத்தை முன்னரே பெற்றவர்கள், தடுமாறிப் பேசுபவரை அந்த முதியவரைப்போல் பொறுமையுடன் கேட்டால், கற்ற கல்வி நிறைவுபெறும்.