கேப்டன் பட்டை யாருக்கு?

எங்க ஏரியா பத்து வயசுப் பசங்க கால்பந்து டீமுக்கு போன வருஷம் கேப்டனைக் கை காட்டினது நான்தான். நல்ல உயரம், நிறைய கோல் போடுவான், ஜனவரியில் பிறந்தவன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்கினால், டிசம்பரில் பிறந்த பையனைவிட இவன் கிட்டத்தட்ட 11 மாதம் மூத்தவன். பத்து வயதில் அது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! இதற்கு 'ஒப்பீட்டு வயது விளைவு' என்று பெயர். 1980-களில் கனடா ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது; கால்பந்திலும் அதே கதைதான். தலைமைப் பண்பு என்று நாம் நினைப்பது பல நேரம் வெறும் உடம்பு வளர்ச்சி.

சரி, கேப்டனுக்கு என்னதான் வேலை? விதிப்புத்தகத்தில் 3-ஆம் விதியைப் பாருங்கள். தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு. டாஸுக்குப் போகணும். அவ்வளவுதான். கோல் கணக்கு எங்கேயும் இல்லை.

நம்ம ஆள் ஒரு மேட்ச் தோற்றதும் கோல்கீப்பரை எல்லார் முன்னாடியும் திட்டினான். அடுத்த வாரத்திலிருந்து கீப்பர் வரவே இல்லை.

இந்த வருஷம் பட்டை, அந்த கீப்பர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டவனுக்கு. என்ன, பாதி மேட்ச் அவன் பெஞ்சில்தான் இருப்பான். அந்த நேரத்துக்கு வேற யாராவது கட்டிக்கணும்.