திக்கிப் பேசும் குழந்தை: குற்றம் யாருடையது?

எங்கள் பேரன் மூன்றரை வயதில் திடீரென்று திக்க ஆரம்பித்தான். "தா... தா..." என்று நாலைந்து முறை தட்டிய பிறகுதான் "தாத்தா" வெளியே வரும். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மராத்தி, தெருவில் இந்தி, பாலர் பள்ளியில் ஆங்கிலம். "இத்தனை பாஷை போட்டுக் குழப்பினால் குழந்தை என்னம்மா செய்யும்?" என்று மருமகளைக் கடிந்துகொண்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா, வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார். மருமகள் பதில் பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 32 வருடம் பழுது தேடியவன் நான். பழுது எங்கே என்று தெரியுமுன் ஆளைக் குறை சொல்லக்கூடாது என்பது அங்கே பாலபாடம். ஓய்வு பெற்றதும் அதை மறந்துவிட்டேன் போலும். பிறகு படித்தும், பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டும் அறிந்ததை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

நான் செய்த தவறைப் பெரிய ஆராய்ச்சியாளர்களே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் வெண்டல் ஜான்சன் தாமே திக்கிப் பேசியவர். சிறு குழந்தைகள் இயல்பாகத் தடுமாறுவதைப் பெற்றோர் குறை என்று எண்ணிக் கவலைப்படுவதால்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவர் கொள்கை. 1939-ல் அவருடைய மாணவி மேரி டியூடர், ஓர் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளிடம் சோதனை நடத்தினார். நன்றாகப் பேசிய ஆறு குழந்தைகளிடம் "உனக்குத் திக்கல் வருகிறது" என்று சொல்லப்பட்டது. அவர்கள் பேசவே கூசி ஒடுங்கிப்போனார்கள். 2001-ல் விஷயம் பத்திரிகையில் வெளிவந்ததும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

அந்தப் பழைய பதிவுகளை நிகோலின் ஆம்புரோஸ், எஹுட் யைரி என்ற இருவர் மறுபடி ஆராய்ந்தார்கள். சோதனையால் திக்கல் உண்டானதற்கு ஆதாரமே இல்லை என்றார்கள். உண்டானது பயம்தான்.

இதே இருவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், திக்கத் தொடங்கிய குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்தவர்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஆரம்பிக்கிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று குழந்தைகளுக்குச் சில வருடங்களில் தானாகவே நின்றுவிடுகிறது. பெரியவர்களான பிறகும் திக்குகிறவர்கள் குடும்பத்தில் இருந்தால் அது நிலைக்கும் வாய்ப்பு அதிகம். மருமகள் பக்கம் விசாரித்தேன், யாருமில்லை. என் பக்கம்? என் சொந்தச் சித்தப்பா!

2010-ல் டென்னிஸ் டிரேனா குழுவினர், பாகிஸ்தானில் பலர் திக்குகிற குடும்பங்களை ஆராய்ந்து சில மரபணு மாற்றங்களைக் கண்டார்கள். அவற்றில் ஒரு மரபணுவின் வேலை, செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் நொதிகள் சரியான இடம் சேர அடையாளம் ஒட்டுவது. நமது பார்சல் ஆபீசில் விலாசச் சீட்டு ஒட்டுவது மாதிரி. சீட்டுக் கோளாறு நாக்கில் ஏன் தெரிகிறது என்பது இன்னும் விளங்காத புதிர். திக்குகிறவர்களில் சிறு பகுதியினருக்கே இது பொருந்தும். ஆனால் தாய் வளர்த்த விதம், பல மொழி பேசுவது இவைதான் காரணம் என்பது நிற்கவில்லை. ஆகவே வீட்டில் தமிழை நிறுத்த வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை கண்ணை இறுக்கிச் சிரமப்பட்டாலோ, பேசவே தயங்கினாலோ, பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள். மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிறுவனத்தில் இதற்கென்றே சிகிச்சை உண்டு.

பேரனுக்கு இப்போது ஐந்து வயது. திக்கல் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. "மெதுவாகப் பேசு என்று அவனிடம் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவன் முடிக்கும்வரை காத்திருங்கள்" என்றார் பயிற்சியாளர். எங்கள் வீட்டில் வேகமாகப் பேசி, அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைக்கிற ஆள் யார் என்று மருமகளைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.