பாட்டும் பந்தியும் – 7: கோழிக்காகப் பாடும் ஊர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நெல் விளையும் தென்மேற்குப் புல்வெளியில் மாமூ என்றொரு சிற்றூர். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள், மார்டி கிரா. அன்று காலையில் முகமூடி போட்ட ஆண்கள் குதிரையேறிப் புறப்படுவார்கள். முகமூடி அணியாத தலைவன் ஒவ்வொரு பண்ணை வீட்டு முன்பும் வெள்ளைக் கொடி காட்டி அனுமதி கேட்பான். வீட்டுக்காரர் சரி என்றால் கூட்டம் இறங்கிப் பாடும், ஆடும், கையேந்தும். அவர்கள் கேட்பது அரிசி, பன்றிக் கொழுப்பு, தொத்திறைச்சி, வெங்காயம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கோழி. அதையும் கையில் கொடுக்க மாட்டார்கள். உயிரோடு மேலே வீசிவிடுவார்கள். வயல் சேற்றில் விழுந்து புரண்டுதான் பிடிக்க வேண்டும். அந்தி சாய ஊர் திரும்பியதும், திரட்டியதெல்லாம் கம்போ என்கிற குழம்பாகும். சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நள்ளிரவு வரை ஆடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் நிற்கும், விரதம் தொடங்கிவிடும்.

அந்தப் பாட்டு இல்லாமல் அந்தக் குழம்பு இல்லை. பாடினால்தான் அடுப்பில் வைக்கப் பொருள் சேரும். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஊர்களில் உணவும் இசையும் இவ்வளவு நேரடியாக ஒன்றையொன்று தாங்கி நின்றதில்லை.

யார் இவர்கள்? இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் குடியிருந்த, அகேடியர் எனப்பட்ட ஃபிரெஞ்சுக்காரர்களை 1755 முதல் ஆங்கிலேயர் விரட்டியடித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760-களிலிருந்து லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். கேஜன் மக்கள் என்று இன்று சொல்லப்படுபவர்கள் அவர்களின் வழிவந்தவர்கள். ஆனால் கம்போ அவர்கள் கொண்டுவந்த குழம்பு அல்ல. மாவைக் கொழுப்பில் போட்டுச் சிவக்க வறுக்கும் பக்குவம் ஃபிரெஞ்சு வீட்டிலிருந்து வந்தது. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. குழம்பைக் கெட்டியாக்கும் சாசஃப்ராஸ் இலைத் தூளைக் கற்றுக்கொடுத்தவர்கள் சாக்டா பழங்குடியினர். பல நூல்கள் இதை ஃபிரெஞ்சுச் சமையல் என்று எழுதிவிட்டுப் போகின்றன. அது பாதி உண்மைகூட இல்லை.

இசைக்கும் இதே கதைதான். ஃபிடில் அகேடிய வீடுகளிலிருந்து வந்தது. தாளத்தின் துள்ளல் ஆப்பிரிக்கக் கால்களிலிருந்து வந்தது. அக்கார்டியன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியானது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நூறு கால்கள் மிதிக்கிற சத்தத்தை மீறிக் கேட்கிற குரல் அதற்கு இருந்தது. வைக்கோல் வாரும் இயந்திரத்தின் உடைந்த இரும்புப் பல்லை வளைத்து முக்கோணமாக்கித் தாளம் தட்டினார்கள்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒரு வீட்டில் பன்றி அடித்தால் இறைச்சி கெடுவதற்குள் அக்கம்பக்கத்தாரோடு பங்கு போட்டாக வேண்டும். அடுத்த முறை அடுத்த வீடு. கூடியவர்கள் வெட்டினார்கள், வறுத்தார்கள், சாப்பிட்டார்கள், பிறகு ஃபிடிலை எடுத்தார்கள். சனிக்கிழமை இரவென்றால் ஏதாவது ஒரு வீட்டில் மேசை நாற்காலிகளை வெளியேற்றி நடனம் வைப்பார்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது தவக்காலம். அந்த நாற்பது நாளில் விலக்கு இறைச்சிக்கு மட்டுமல்ல, நடனத்துக்கும் வாத்தியத்துக்கும் இருந்தது. வயிறு நண்டு, மீன், கிராஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கி இறால் என்று சதுப்பு நிலத்தின் பக்கம் திரும்பியது. அது கிராஃபிஷ் கிடைக்கும் பருவமும்கூட. வாத்தியத்தை வைத்துவிட்ட கறுப்பின கிரியோல் மக்கள், அதாவது ஃபிரெஞ்சு பேசிய லூசியானாக் கறுப்பினத்தவர், கைதட்டியும் தரையை மிதித்தும் பாடினார்கள். ஜூரே என்ற அந்த வகையை 1934-இல் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த லோமாக்ஸ் குழுவினர் பதிவுசெய்தார்கள். உப்புக்கண்டம் போட வழியில்லாமல் வெறும் பீன்ஸ் தின்கிற வறுமையைச் சொல்லும் வரி அந்தப் பதிவுகளில் ஒன்றில் வருகிறது. பிற்காலத்தில் புகழ்பெற்ற சைடிகோ இசைக்கு அந்த வரியில் வரும் பீன்ஸுக்கான ஃபிரெஞ்சுச் சொல்லிலிருந்தே பெயர் வந்தது என்கிறார்கள். அந்த இசையை உலகறியச் செய்த கிளிஃப்டன் ஷெனியே, 1946-இல் வில்லி லாண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளியிடம் சொல்லி, துணி துவைக்கும் பலகையைத் தோளில் மாட்டும் வாத்தியமாக்கினார். அண்ணன் கிளீவ்லாண்ட் அதைப் பாட்டில் திறப்பான்களால் உரசி வாசித்தார்.

1921-இன் மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. ஃபிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். பாட்டின் மொழியே அவமானமானது. கிராஃபிஷும் அப்படித்தான், ஏழைகளின் தீனி என்று ஒதுக்கப்பட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தலைநிமிர்ந்தன. 1959-இல் மாநில சட்டமன்றம் ப்ரோ பிரிட்ஜ் ஊரைக் கிராஃபிஷின் உலகத் தலைநகர் என்று அறிவித்தது. 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் டூயி பால்ஃபா உள்ளிட்ட கேஜன் இசைக் கலைஞர்கள் வாசித்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. ஊர் திரும்பிய பால்ஃபா வாழ்நாள் முழுதும் இந்த இசைக்காக உழைத்தார்.

இந்த மீட்சியில் எல்லோருக்கும் சமபங்கு கிடைக்கவில்லை. அதற்கு முந்தையதோ, குழம்பில் கலந்தவர்கள் கூடத்தில் கலக்க முடியாத காலம். அமேதே ஆர்த்வான் கறுப்பின கிரியோல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேஜன், சைடிகோ இரண்டுக்கும் அவருடைய அக்கார்டியனே மூலம். 1929-இல் வெள்ளையரான டென்னிஸ் மெக்கீயின் ஃபிடிலோடு சேர்ந்து வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். வெள்ளையர் வீட்டு நடனம் ஒன்றில், வியர்வை துடைக்க அந்த வீட்டுப் பெண் கொடுத்த கைக்குட்டையை வாங்கியதற்காக அடித்து நொறுக்கப்பட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லிவைத்தார்கள். 1942-இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். எந்தக் குழியில் புதைத்தார்கள் என்பதற்கு அடையாளமில்லை. 2018-இல்தான் ஓபலூசஸ் அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

கேஜன் மசாலா என்று அச்சிட்ட பொட்டலங்கள் இன்று உலகெங்கும் விற்கின்றன. வாங்குங்கள், தவறில்லை. ஆர்த்வான் பதிவுசெய்த 34 பாட்டுகளும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அடுப்பில் மாவு சிவக்கிற நேரத்தில் அவற்றையும் கேளுங்கள்.

(தொடரும்)