சிலிகோசிஸ்: பாதி லத்தீன், பாதி கிரேக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்கிராப் இரும்பை உருக்கும் ஆலைகள் ஏராளம். இண்டக்‌ஷன் ஃபர்னஸின் உட்புற லைனிங்குக்குப் பெரும்பாலும் போரிக் அமிலம் கலந்த குவார்ட்ஸ் (அதாவது சிலிக்கா) தூளைத்தான் போடுவார்கள். 'ராமிங் மாஸ்' என்பார்கள். லைனிங் தேய்ந்ததும் பழையதை உடைத்து அள்ளிவிட்டு, உள்ளே இறங்கிப் புதுத் தூளைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். மூட்டையைப் பிரித்ததுமே வெள்ளையாய்த் தூசி கிளம்பும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் வருவது சிலிகோசிஸ்.

'சிலெக்ஸ்' லத்தீனில் சிக்கிமுக்கிக் கல். 'ஓசிஸ்' நோய்நிலையைச் சொல்லும் கிரேக்க விகுதி. 1870 வாக்கில் இந்தக் கலப்பு மணத்தைச் செய்துவைத்தவர் இத்தாலிய மருத்துவர் விஸ்கோன்ட்டி. அதற்குச் சற்று முன்புதான் ஜெர்மானியரான ஸெங்கர், 'நியூமோன்' (நுரையீரல்), 'கோனிஸ்' (தூசி) என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து ஒரு பொதுப்பெயரை உண்டாக்கியிருந்தார். இன்று அது நியூமோகோனியோசிஸ். நிலக்கரித் தூசியோ கல்நார்த் தூசியோ, எல்லாம் அதில் அடக்கம். விஸ்கோன்ட்டியின் சொல்லோ குற்றவாளியைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. (1935இல் அமெரிக்கப் புதிர்ப்பிரியர் ஒருவர் இந்த வேர்களை இழுத்து 45 எழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைக் கட்டினார். வேடிக்கைக்கு மட்டுமே உதவும்.)

பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சுமார் 5 மைக்ரானுக்கும் சிறியவை காற்றுநுண்ணறை வரை போகும். அங்கே அவற்றை விழுங்கும் காவல் செல்கள் தாமே செத்துவிழ, வெளிவந்த துகளை அடுத்த செல் விழுங்கும். அழற்சி ஓயாது, தழும்பு முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படும். வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். தழும்பை நீக்க மருந்தில்லை. காசநோயும் எளிதில் தொற்றும்.

எக்ஸ்ரேயில் சிலிகோசிஸும் காசநோயும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு என்பதுதான் வம்பு. 1968இல் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் மாபெரும் ஆய்வு தொடங்கியதே, அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த, கும்மிடிப்பூண்டி அடங்கிய இந்தத் திருவள்ளூர்ப் பகுதியில்தான். இருமலோடு வருபவருக்கு முதலில் காசநோயைத் தேடுவது நியாயமே. ஆனால் என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல் அங்கேயே நின்றுவிடக் கூடாது. சிலிகோசிஸ் என்று எழுதினால், அது வேலை தந்த நோய் என்று பதிவாகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்து, பார்த்த மருத்துவரே தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்றது.

கல்குவாரியில் தண்ணீர் தெளித்தாவது தூசியை அடக்கலாம். ஃபர்னஸ் லைனிங்கில் ஈரம் இருந்தால் உருகிய இரும்பு பட்டு வெடிக்கும். உலர்வாகத்தான் இடிக்க வேண்டும். ஆகவே தூசியை உறிஞ்சும் குழாயும் முகத்தில் கச்சிதமாகப் பொருந்தும் மாஸ்க்கும் வேண்டும். தோள் துண்டை மூக்கில் கட்டினால் 5 மைக்ரான் துகள் நிற்காது.